தீவுக்குத் தைத்த போர்வை

என் மேசையில் பேனாக்களோடு பேனாவாக ஒரு கோணி ஊசி நிற்கும். நடுவிரலைவிட நீளம், நுனி சற்றே வளைந்தது, காதில் எப்போதும் ஒரு துண்டு நைலான் நூல் தொங்கும். ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளின் மேசையில் இது எதற்கு என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். சக ஆசிரியர் ஒருவர், வேலையை முடிக்காத பையன்களைக் குத்துவதற்கா என்றுகூடக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறிவிடும்.

அது தாயியின் ஊசி. மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். புனேக்கு வெளியே கடக்வாஸ்லாவைத் தாண்டி, பஸ் போய் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் உள்ளே போனால், ஓர் அணையின் தண்ணீருக்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறது. அணை கட்டியபோது பள்ளத்தில் இருந்த ஊர் முழுகிப்போக, மேட்டில் ஏறிக்கொண்டவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தீவின் பஞ்சாயத்துத் தலைவி தாயி. என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் கிழவர்களே தாயி என்று கூப்பிடும்போது நான் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? புடவையைத் தூக்கிச் செருகி, ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, படகுத்துறையில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் அக்கரையில் டீ குடிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பூனா கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வெளியே மராத்தியும் இந்தியும், வீட்டுக்குள் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ். தாயி பேசுவது சுத்த மராத்தி; ஆனால் அந்தக் கறாரும் கேலியும் அச்சு அசலாக அம்மாவுடையவை. அதனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் திருநெல்வேலித் தமிழில்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் மாணவர்கள் ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், ஊர் மக்களோடு சேர்ந்து ஓவியம் செய்ய வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். அந்த வருடம் தீவு. படகிலிருந்து இறங்கிய எங்களைத் தாயி ஏற இறங்கப் பார்த்தார். "சுவத்துல படம் வரையணும், அவ்வளவுதானே? தாராளமா வரைங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு மட்டும் காலையிலேயே சொல்லிரணும்" என்றார். எங்கள் அறிமுக உரை அத்தோடு முடிந்தது.

மே மாத வெயிலில் பிள்ளைகள் பேய் மாதிரி வேலை செய்தார்கள். அவர்களில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா இருவரும் ஐடி வேலைக்காகப் புனே வந்தவர்கள். என்னோடு மட்டும் தமிழில் பேசுவாள், வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டி நிரப்பிக்கொள்வாள். தாயி வீட்டின் பெரிய சுவரை அவளுக்குக் கொடுத்திருந்தோம். அதில் முழுகிப்போன ஊரை வரைந்தாள். தண்ணீருக்கடியில் கோயில், புளியமரம், வீடுகள். தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு வெள்ளைக் கொக்கு. எல்லாம் சாம்பல், சேற்றுப் பழுப்பு, பாசிப் பச்சை. தீவின் நிறங்களை அப்படியே பிடித்துவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். தாயியின் இளைய மகள் தினமும் வந்து அவளுக்கு வண்ணம் கலக்கிக் கொடுத்தாள்.

அந்த மகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். தீவில் நான்காம் வகுப்பு வரைதான் பள்ளி. அதற்கு மேல் படகேறி அக்கரைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படகு வராது. படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்கடியில் பழைய ஊரின் பட்டமரங்கள் நிற்கின்றன. தீவுத்துறையைக் கண்ணில் வைத்துக்கொண்டு நேர்கோட்டில் வந்தால்தான் அவற்றில் மோதாமல் வரலாம். ஒரு முறை மழை மூட்டத்தில் மோதி, பிள்ளைகளோடு படகு சாய்ந்து, தெய்வாதீனமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: அக்கரையிலிருந்து பார்த்தால் தீவுத்துறை தெரிந்தால் படகு, தெரியாவிட்டால் இல்லை. கொடி கட்டிப் பார்த்தார்கள், காற்று கொண்டுபோனது. விளக்குப் போட்டார்கள், முதல் மழைக்கே கரண்ட் போனது. தாயியின் மூத்த மகள் இப்படி வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகாமல் பாடம் விட்டுப்போய், ஃபெயிலாகி, உடனே கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். சின்னவளுக்கும் ஒரு சம்பந்தம் சுற்றிக்கொண்டிருந்தது. "இந்த மழைக்கும் படகு நின்னா இவளும் நின்னுருவா மேடம். நான் தலைவியா இருந்து என்னத்துக்கு?" என்று ஒருநாள் சோளரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார். நான் உச்சுக் கொட்டினேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜூலையில், வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குச் சுவரோவியங்களைக் காட்ட அவரையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டு வானம் கொஞ்சம் வெளுத்திருந்த நாள் என்பதால் படகு கிடைத்தது. தீவில் ஏறிப் பார்த்தால் ஒரு படத்தைக்கூடக் காணோம். மலைமழைக்கு மண்சுவர் தாங்காது என்று ஜூன் பிறந்ததும் எல்லா வீட்டையும் வெளிப்புறம் தட்டி கட்டி மூடிவிடுவது அந்த ஊர் வழக்கமாம். புல்லுத் தட்டி, சாம்பல் தார்ப்பாய், கறுப்புப் பிளாஸ்டிக். தாயி வீட்டுச் சுவரிலோ, யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். கொக்கு பறந்த இடத்தில் மஞ்சள் பின்னணியில் மீசையோடு அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுவா உங்கள் படைப்பு?" என்று கேட்டார்.

கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "மிஸ், நம்ம ஒர்க்க அப்படியே மூடிட்டாங்க மிஸ்!"

தாயிக்கு எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. "மழைக்கு மூடுவோம்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் அத்தனை போட்டோ எடுத்தீங்களே. போட்டோ எடுத்தாச்சு, வேலை முடிஞ்சுதுன்னுல்லா நாங்க நெனச்சோம்!" அவர்கள் எங்களைக் கேட்கவில்லை, நாங்கள் அவர்களைக் கேட்கவில்லை. இத்தனைக்கும் ஒரு மாதம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

திரும்பும்போது தூறல் தொடங்கிவிட்டது. துறையில் தாயியின் மகள் புத்தகப் பையோடு நின்றாள். அவள் எங்களை வழியனுப்ப வரவில்லை. படகு வந்தது என்று கேட்டு ஓடி வந்திருக்கிறாள்; பள்ளி நேரம் முடிந்துவிட்டது என்று படகுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். படகு நகர நகரத் தீவு மங்கியது. புல்தட்டி, தார்ப்பாய், பாறை, வானம் எல்லாம் ஒரே சாம்பலாகிக் கலந்துவிட்டன. அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பெண் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"மிஸ், அங்க பாருங்க. அந்த மஞ்சள் மட்டும் இன்னும் தெரியுது மிஸ்."

பார்த்தேன். தலைவரின் முகம் கரைந்துவிட்டது. அவருக்குப் பின்னாலிருந்த மஞ்சள் மட்டும் பாதித் தண்ணீர் தாண்டியும் நின்றது. படகுக்காரரும் திரும்பிப் பார்த்தார். "அந்தத் துண்டு போதாது மேடம். துறைக்கு மேல மேடு பூரா அப்படி இருந்தா, நான் ஏன் படக நிறுத்தப்போறேன்?" என்றார். தேர்வாளர் நனைந்த ஃபைலைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

புனேயில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சம் கிடையாது. பிறந்தநாள், வாழ்த்து, நன்றி, இரங்கல், எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். பிள்ளைகள், தெருவுக்குத் தெரு பிள்ளையார் விழா நடத்துகிற மண்டல்களின் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கழற்றிப் போட்டதையெல்லாம் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ் கண்டக்டர் திட்டினார். அடுத்த முறை வானம் வெளுத்த அன்றே தீவுக்குப் போய், கோயில் மண்டபத்தில் எல்லாவற்றையும் விரித்தோம். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பழைய புடவைகளைத் துண்டு துண்டாக வெட்டி, சதுரத்துக்குள் சதுரமாகக் கைத்தையலில் போர்வை தைப்பது அவர்களுக்குச் சாதாரண வேலை. கோதடி என்பார்கள். இனி அவர்கள் தைக்க வேண்டியது மேட்டுக்கே ஒரு கோதடி.

சண்டை உடனே ஆரம்பித்தது. கோயம்புத்தூர்ப் பெண் நடுவில் ஒரு பெரிய கொக்கு வைக்க வேண்டும் என்றாள். தாயி, "பறவை வேண்டாம். எனக்குப் படகு வரணும்" என்றார். அவள் நீலமும் பச்சையும் எடுத்து வைக்க, தாயி அவற்றை ஒதுக்கித் தள்ளி மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக அடுக்கினார். இவள் மறுபடி எடுத்து வைத்தாள், அவர் மறுபடி தள்ளினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு நீலத் துண்டையும் மஞ்சள் துண்டையும் தூரத்து எதிர்வீட்டுச் சுவரில் மழைக்குள் மாட்டி, கோயில் வாசலிலிருந்து பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். வந்து கொக்கை வரைந்து வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டாள். ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. வெறும் மஞ்சள் மங்கும், கறுப்போடு மாறி மாறி வைத்தால்தான் கண்ணைக் குத்தும் என்று கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினாள். இம்முறை தாயி துண்டைத் தள்ளவில்லை. "இதுக்குத்தானா காலேஜ்ல படிக்கிய?" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

இன்னொரு பயமும் இருந்தது. தலைவர்களின் முகத்தை வெட்டினால் கட்சிக்காரர்கள் வந்துவிட மாட்டார்களா? தாயி அதற்கும் வழி சொன்னார். "எல்லாக் கட்சியையும் சேத்துத் தச்சிருங்க. எவன் வந்து கேப்பான்?" மண்டபமே சிரித்தது. ஒருவரின் தோளும் இன்னொருவரின் மாலையும் ஒரே சதுரத்தில் சேர்ந்தன. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தாயி தன் ஊசியை என் கையில் திணித்தார். "நின்னு பாத்துக்கிட்டே இருக்கீங்களே மேடம், ஒக்காந்து தைங்க." தைத்தேன். விரல்களில் ரத்தம் வந்தது. காற்று பிய்க்காமலிருக்க இரட்டைத் துணியாக்கி நெருக்கமாகத் தைத்து, இடையிடையே காற்றுப் போகக் கீறல் விட்டார்கள். பையன்களும் ஊர் ஆண்களும் மூங்கில் நட்டு, துறைக்கு மேலிருந்த வீடுகளை மறைத்து அதை இழுத்துக் கட்டினார்கள்.

கட்டி முடித்த மறுநாள் காலை நல்ல மழை. முந்தின வருடமாக இருந்தால் துறைப்பக்கம் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று ஊரே குடையும் சாக்குமாக நின்றது. மகள் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். எதிரே அக்கரை இல்லை, வெறும் சாம்பல். எங்களுக்கு அக்கரை தெரியவில்லை என்றால் அங்கிருந்து எங்களை எப்படித் தெரியும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தாயி மகளின் பின்னலை அவிழ்த்து, மழையிலேயே மறுபடி இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. மோட்டார் சத்தம். பிறகு சாம்பலுக்குள்ளிருந்து படகின் மூக்கு, அப்புறம் படகுக்காரரின் சிவப்புத் தொப்பி, நூல் பிடித்த மாதிரி நேராக எங்களை நோக்கி. துறையே கத்தியது. கோயம்புத்தூர்ப் பெண் சேற்றில் குதித்தாள், யாரையோ கட்டிப்பிடித்தாள், அது படகுக்காரரின் மாமனார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை வேறு எந்தக் கண்காட்சியிலும் நான் அனுபவித்ததில்லை. படகுக்காரர் இறங்கியபடி, "மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கு ஒங்க ஊரு" என்றார். தாயி அவரைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல மணியடிச்சிருப்பான். இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?" என்று ஒரு அதட்டல் போட்டார். மகள் ஏறி உட்கார்ந்தாள். படகு மறையும் வரை தாயி நின்றார். அப்புறம் ஷூவுக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அடர்ந்த மூட்டம் இறங்கிய சில நாட்கள் தவிர அந்த மழைக்காலம் முழுக்கப் படகு ஓடியது. அக்டோபரில் தட்டிகளைப் பிரித்தபோது தாயி போன் பண்ணினார். "ஒங்க கொக்கு பொழைச்சுக்கிடுச்சு மேடம்." மூடி வைத்திருந்ததால் சுவரோவியங்கள் நேற்று வரைந்தவை மாதிரி இருந்தன. மகள் பத்தாம் வகுப்பில் தேறினாள். கணக்கில் அக்கரைப் பள்ளிக்கே அவள்தான் முதல். சம்பந்தம் பேச வந்தவர்களைத் தாயி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது அவள் புனேயில் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வருவதற்குள் வீட்டு வாசலில் நிற்பாள், மீன் குழம்பு என்றால் இரண்டு தரம் சாப்பிடுவாள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் எங்கள் புது மாணவர்களும் தீவுப் பெண்களும் சேர்ந்து புதுப் போர்வை தைப்போம். ஊசி என் மேசையிலிருந்து போய், மழை முடிந்ததும் திரும்பி வரும். இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. வகுப்புகள் தொடங்கவில்லை, மாணவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மகள் வந்து ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். என்ன ஆகுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை கல்லூரியில் என் மேசையில் உட்கார்ந்திருந்தபோது தாயி போனில் வந்தார். பின்னால் மழை கொட்டுகிற சத்தம். "ஒங்களுக்காகக் காத்திருக்க முடியல மேடம். நாங்களே தச்சுக் கட்டிட்டோம். நடுவுல ஒரு கொக்கும் வச்சிருக்கோம். அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைட்ட சொல்லிருங்க."

"பறவை வேண்டாம்னு நீங்கதானே சண்டை போட்டீங்க?"

"அப்போ படகு வரல. இப்போதான் வருதுல்லா" என்றார். பிறகு, "கொஞ்சம் இருங்க" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். மழைக்குள்ளிருந்து மோட்டார் சத்தம், முதலில் மெலிதாக, அப்புறம் பலமாக, நெருங்கி நெருங்கி வந்தது. பேனாக்களுக்கு நடுவில் ஊசி நிற்கிற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி, படகு துறையில் வந்து முட்டுகிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.