அவள் அழைத்த மூச்சு

நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. இது நடந்தது. பட்டப்பகலில், ஆஸ்பத்திரியில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. அனுபவித்தவள் என்னோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அவள் செய்வது மூச்சை உணரும் கருவி. தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஓரிடத்தில் மேலுறையை நீக்கிவிட்டு, கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களை ஒட்டவைப்பாள். இழைக்குள் ஒளியை விட்டால், தங்கத்திலுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஆடி, ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பார்கள். மூச்சின் ஈரம் துளி பட்டால் போதும், விழுங்கும் நிறம் மாறும். கணினித் திரையில் கோடு துள்ளும். "தங்கத்தக் கண்ணுலயே காட்டாம நகைக்கடை நடத்துறவ இவ ஒருத்திதான்" என்று அவள் அண்ணன் கேலி செய்வான்.

அந்த அண்ணன்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். பைக் விபத்து. தலையில் அடி. முதல் மூச்சுச் சோதனையில் அசைவே இல்லை. அன்று மதியம் இரண்டாவது சோதனை. சுவாச இயந்திரத்தைச் சற்று நேரம் கழற்றிவிட்டு, தானாக மூச்சு விடுகிறானா என்று பார்ப்பார்கள். விடாவிட்டால், அவ்வளவுதான்.

அவள் டாக்டரின் காலில் விழாத குறை.

"நெஞ்சு அசையறது உங்க கண்ணுக்குத் தெரியாமப் போகலாம் சார். இதுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை."

"உங்க திருப்திக்கு வெச்சுப் பாருங்கம்மா. ஆனா முடிவு எங்க சோதனைதான்."

வெளியே பெஞ்சில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியாவது கூட்டிட்டு வந்துருடி."

இயந்திரம் நின்றது. அதன் இரைச்சல் போனதும் காது அடைத்ததுபோல் இருந்தது. டாக்டரும் நர்ஸும் கட்டிலுக்கு அந்தப் பக்கம். இவள் இந்தப் பக்கம். மடிக்கணினியைக் கட்டிலோரம் திறந்து வைத்து, அண்ணன் வாயிலிருந்த குழாயின் முனையில் இழையைப் பிடித்தாள்.

கோடு அசையவில்லை.

விடு அண்ணா... ஒரு மூச்சு விடு...

அசையவில்லை. கை தளர்ந்து இழை அவள் தோள் பக்கம் விலகியது.

கோடு துள்ளியது.

தன் மூச்சுதான் பட்டுவிட்டது என்று நினைத்தாள். மூச்சை அடக்கினாள்.

மறுபடி துள்ளியது.

தோளுக்குப் பின்னால் யாருமில்லை. வெறும் சுவர். இழையைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நீட்டினாள். ஒன்றுமில்லை. தோளருகே கொண்டுவந்தாள். ஏறியது... இறங்கியது... ஏறியது...

யாரோ குனிந்து, அவள் கையிலிருப்பதை உற்றுப் பார்ப்பதுபோல.

வேறொருத்தியாக இருந்தால் ஓடியிருப்பாள். இவள் ஓடவில்லை. அண்ணன்தான். வேறு யார்? உடம்பைவிட்டு வெளியே வந்து, வழி தெரியாமல் நிற்கிறான்.

"வா" என்றாள்.

இழையை ஒரு சாண் நகர்த்தினாள். கோடு படுத்தது. பிறகு... துள்ளியது.

பின்னாலேயே வந்தது.

"என்னம்மா முணுமுணுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

அவள் நிமிரவில்லை.

கட்டில் விளிம்பு... தலையணை...

குழாயின் வாய்.

"உள்ள போ."

கோடு ஒரே பாய்ச்சலாக ஏறியது.

ஹ்ஹ்ஹ்க்...

அண்ணனின் நெஞ்சு தூக்கிப்போட்டது.

"சார்! மூச்சு!" நர்ஸ் அலறினாள்.

அதன்பின் அவன் தேறினான். குழாயை எடுத்தார்கள். கண் திறந்தான். அம்மாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீங்கல்லாம் யாரு?" என்றான். தலையில் அடிபட்டால் இப்படித்தான், ஞாபகம் மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவனைச் சக்கர நாற்காலியில் தாழ்வாரத்துக்குத் தள்ளி வந்தாள். எதிரே ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. முன்பின் தெரியாதவள்.

அவன் முகம் மலர்ந்தது.

"ஏ தீக்குச்சி! பாப்பாவுக்குக் காதுவலி நின்னுச்சா?"

அந்தப் பெண்ணின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"அந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னா?" அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாரு. அதுவும் வீட்டுக்குள்ள."

"அவர் எங்கம்மா?" என்று இவள் கேட்டாள்.

அந்தப் பெண் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைக் காட்டினாள். அவர் அங்கேதான் இறந்தாராம்; அவருடைய காகிதங்களை வாங்க வந்தாளாம். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில், சுவரோரமாக. இரண்டாவது சோதனை நடந்த அன்று காலையில். உடலை எடுத்து, கட்டிலையும் கழுவ வெளியே தள்ளிவிட்டார்களாம்.

இப்போது அவன் இவள் வீட்டில்தான் இருக்கிறான். அம்மா அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள். அம்மாவிடம் இவள் எதையும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

"என் தோள்கிட்ட நின்னது அவருன்னா... என் அண்ணன் அப்ப எங்க நின்னுட்டிருந்தான்?"