மழைக்கு வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

வாடகை வீடு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி ஒரகடம் பக்கம் வந்ததிலிருந்து சாமான் கட்டிக் கட்டியே கை காய்த்துவிட்டது. ஒரு வீட்டில் மாடியில் துணி காயப்போடக் கூடாது. இன்னொரு வீட்டில் மீன் குழம்பு வைக்கக் கூடாது. தூத்துக்குடிக்காரியிடம் வந்து மீன் வைக்காதே என்றால் நான் என்னத்தைத் தின்பது? "எலி வளையானாலும் தனி வளை வேணும் பிள்ள" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி என்னை இன்னும் கிளப்பிவிடுவார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். நான் செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன்.

கடைசியில் ஒரு மனை அமைந்தது. வாலாஜாபாத் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம். மனைப்பிரிவின் வாசலில் பெரிய வளைவு, மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், பக்கத்துத் தெருவில் ஏற்கனவே ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். புதன்கிழமை பத்திரப் பதிவு. சமையலறை எந்தப் பக்கம், மாதா படம் எந்தச் சுவரில் என்பது வரை மனதுக்குள் கட்டி முடித்துவிட்டேன். தண்ணீர் நிற்குமா என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. "இன்னாமா நீ, இது மேட்டு மனைமா" என்று புரோக்கர் சிரித்தார். பக்கத்துத் தெரு அக்காவும் "அதெல்லாம் ஒண்ணும் கெடயாது" என்றுதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில் எங்கள் லைனுக்குப் புது மெஷின் சொல்லிக்கொடுக்க வியட்நாமிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மேடம் என்றால் அவருக்குப் பிடிக்காது. அவர்கள் ஊரிலும் மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். அதனால் அவர் எனக்கு அக்கா. பேசுவது பாதி கை, பாதி செல்போன் மொழிபெயர்ப்பு. அவரும் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான்தான் கூட்டிப் போவேன்.

கேன்டீனில் ஒரு நாள் மேசை மேல் தண்ணீரைத் தொட்டு அவர் தன் பேட்டையை வரைந்து காட்டினார். ஹுவே என்று ஒரு பழைய ராஜதானி, நாட்டுக்கு நடுவில். அதில் ஒரு மேடு, மேட்டின் தலையில் கோயில். ராஜாக்கள் கிறிஸ்தவர்களை விரட்டிய காலத்திலிருந்து பலமுறை இடிந்து, பலமுறை எழும்பிய கோயில். மேட்டுக்குக் கீழே ஓர் ஆறு. அது தானாக ஓடிய ஆறில்லை, வயலுக்காக ராஜா காலத்தில் வெட்டிவிட்டது. ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே சந்து சந்தாக வீடுகள். முதலில் வந்தவர்கள் மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள், சண்டைக்காலத்தில் ஓடிவந்தவர்களுக்குப் பள்ளம் கிடைத்தது. அக்காவின் அப்பா அம்மா பள்ளத்துக்காரர்கள்.

"அப்போ மழை வந்தா?" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுவதுபோல் செய்துகாட்டினார். கருமேகம் திரண்டால் பள்ளத்தில் உள்ள அத்தனை பேரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்புவார்களாம். கோயில் படி ஓரம் முழுக்க வண்டிகள். வண்டியைப் பத்திரமாக வைத்த பிறகுதான் அரிசியும் குளிர்பதனப் பெட்டியும் பரணுக்கு ஏறும். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து, பெருமை தாங்காமல் அக்காவை மனை பார்க்கக் கூட்டிப்போனோம். நான் சமையலறையைக் காட்டினேன், அதாவது வெறும் மண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஏரிக்கரையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு செல்போனில் எதையோ சொல்லி என்னிடம் நீட்டினார். "மழைக்கு வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?" என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "எங்க ஊர்ல வண்டிய வீட்டுலதான் நிறுத்துவோம்னு சொல்லு பிள்ள."

அந்தப் பக்கத்துத் தெரு அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"யக்கா, மழைக்கு வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேம்பாலத்து மேலதான். எங்க தெருவே அங்கதான் உடும். நீ சீக்கிரமா போய்டு, லேட்டா போனா எடம் கெடைக்காது."

"தண்ணி வராதுன்னீங்களேக்கா?"

"அது வருசா வருசம் வர்றதுதானேமா. ரெண்டு நாள் மாடில குந்திகினு இருந்தா போய்டும். எல்லாம் பழகிடும்."

அந்தத் தெரு அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு வெள்ளமே இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் வெடித்தார். "எங்கிருந்தோ வந்தவ ஒரு கேள்வி கேட்டான்னு கையில இருக்கிறத விடச் சொல்லுதியா?"

"ஆழம் தெரியாம கால விடாதேன்னு நீங்கதானே ஆயிரம் தடவ சொல்லுவீங்க? இப்ப ஆழம் தெரிஞ்சிட்டு. இனியும் விடணுமா?" என்று நானும் கத்தினேன். கத்தினேனே தவிர, அந்த மனை போகிறதே என்று என் நெஞ்சு எரிந்தது எனக்குத்தான் தெரியும். புதன்கிழமை நாங்கள் பதிவுக்குப் போகவில்லை. வெகு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை ஷிப்ட்டுக்கு என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்ஸிலேயே போனேன். மேம்பாலத்தில் ஒரு ஓரம் முழுக்க வண்டிகள், பிளாஸ்டிக் பையால் சீட்டை மூடி, வரிசையாக. பஸ்ஸை மெதுவாக்கி, ஜன்னலைத் திறந்து, குடைபிடித்து நின்ற ஒருவரிடம், "எந்தத் தெருண்ணே?" என்று கேட்டார். அந்த ஆள் சொன்னது நாங்கள் வாங்காமல் விட்ட அந்த மனைப்பிரிவின் பெயர். என் வீட்டுக்காரர் ஜன்னலை மூடினார். கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்தார்.

நான் அந்த வண்டிகளைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அங்கேயும் மழை போல. கோயில் படி ஓரம் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் படம் உடனே வந்தது. ஒரு நீல வண்டியைச் சுற்றி வட்டம் போட்டு, இது எங்களுடையது என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: "நீ அனுப்பிய படத்தில் உன் வண்டி எது?"

எதுவும் இல்லை அக்கா என்று அடித்தேன். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம்தானே? எனக்கு அழுகைதான் வந்தது. பள்ளத்திலாவது அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது.