சிலுப்பாத கிடாய்

எங்கள் மூத்த மகள் சம்சாரத்தின் வயிற்றில் தங்கினால் கோயில் பொங்கலுக்கு வெட்டுகிறோம் என்று கருப்பனாருக்கு ஒரு மேச்சேரிக் கிடாயை நேர்ந்துவிட்டிருந்தோம். அவள் தங்கினாள், கிடாய் தங்கவில்லை, கழிசல் கண்டு செத்தது. அந்த நேரம் பார்த்து ஆட்டு இனங்களைப் பார்க்க வந்த சர்வகலாசாலைக்காரர்கள் கேட்க, என் மச்சினன் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். சேலத்தில் அவர்கள் நடத்திய மியூசியத்தில், எங்கள் பேச்சில் செத்த காலேஜில், அது பஞ்சடைத்து நின்றது.

பொங்கல் நெருங்கியது. வேறு கிடாய் பிடிக்கலாம் என்றேன். மாசமாக இருந்த சம்சாரம் ஒப்பவில்லை, அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

"அந்தக் கெடா உத்தரவு குடுக்காம வேற வெட்டி, புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? போயி அதுமேலயே தண்ணி தெளிச்சுக் கேட்டுட்டு வாங்க."

தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக வழக்கம். அப்புறம்தான் அரிவாள். பஞ்சு எப்படிச் சிலுப்பும்?

மஞ்சத்தண்ணிப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடும் பஸ் ஏறினேன். செத்த காலேஜுக்குள் நுழைந்ததும், கண்ணாடிச் சாடிகளில் ஊறிய பாம்புகள், வாய் பிளந்த முதலை எல்லாம் என் மடியையே பார்ப்பதுபோல இருந்தது. மூலையில் எங்கள் கிடாய். காதில் நாங்கள் போட்ட வெட்டுகூட அப்படியே. தெளித்தேன். அசையவில்லை. இன்னும் தெளித்தேன். மூக்கிலிருந்து மஞ்சள் சொட்டியதுதான் மிச்சம்.

"ஏனுங்க, என்னங்க பண்றீங்க?"

தோளில் ஒரு கை. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எனக்கு நடுங்கிவிட்டது. காவல்காரர். ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

அவர் கிடாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெடா அசையிலீங்க. நீங்கதான் நல்லாச் சிலுப்புனீங்க. உத்தரவு கெடச்சிருச்சு, போங்க சாமி."

பஸ் ஏறும்வரை நிம்மதியாக இருந்தேன். ஏறியபிறகுதான் உறைத்தது: சிலுப்பினவனைத்தானே வெட்டுவார்கள்? அதன்பிறகு வண்டியில் மீசை வைத்தவனெல்லாம் பூசாரியாகவே தெரிந்தான்.

"சிலுப்புச்சுங்களா?" என்றாள் சம்சாரம், வாசலிலேயே.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. என் மூஞ்சி அதற்கு ஒத்துழைக்காது. நடந்ததைச் சொன்னேன். முறைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ள புள்ளையும் உதைக்குதுங்க!" என்று இன்னும் சிரித்தாள். அப்புறம் தானாகவே சோறு போட்டு உட்கார்ந்தாள். "வேற கெடா பாருங்க. உங்களையெல்லாம் சாமி கேக்காதுங்க, கறி தேறாது."

ஆனாலும் பொங்கலன்று பூசாரி செம்பைத் தூக்கியபோது நான் புளியமரத்துக்குப் பின்னால்தான் நின்றேன். புதுக் கிடாய் சிலுப்பியதும் ஊரில் முதலில் கும்பிடு போட்டவன் நான்.