கட்டிலுக்கு மேலே நாலு விளக்கு

சின்ன அறைக்கு விளக்கு வாங்கிய அந்த மாதம் எனக்கு உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. அலுவலகம் விட்டதும் நேராகக் கம்மனஹள்ளி மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் போவேன். ஒன்றும் முடிவாகாமல் இருட்டியபின் லிங்கராஜபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்புவேன். மாடி வீட்டுக் குழாய் கசிந்து விழுந்த கறையை மறைக்க அந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தோம். பழைய டியூப்லைட் அதோடு போயிற்று. இனி சீலிங்குக்குள் புதைக்கிற எல்இடி டவுன்லைட்தான்.

அறை நைனாவுக்கு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தனியாக இருந்தார். நெஞ்சு கெட்டுவிட்டது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். ஒரு நாள் குழாயடியில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் போய், பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்ததாகப் போன் வந்தது. இனி தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் இரண்டு தடவை அழைத்து வந்தும் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மகள் வீட்டில் நாள் கணக்காக உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குக் கூச்சம். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. இந்த முறையும் போய்விட்டால் அடுத்து வரும் போன் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த அறையில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். மஞ்சள், வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று விளக்கில் மூன்று நிறம். ஒவ்வொன்றின் கீழும் நின்று, அவருடைய மாத்திரை அட்டையைப் பிடித்துப் படித்துப் பார்த்தேன். மஞ்சளில் எழுத்து மங்கியது, வெள்ளையில் தெளிவாக இருந்தது.

"ஒயிட்டே தகொள்ளி, வாங்கிக்கங்க மேடம், பெரியவங்க ரூமுக்கு அதுதான்," என்றார் கடைக்காரர், பாதி கன்னடத்தில்.

என் கணவரும் அதையே சொன்னார். "காலம் பூரா இருட்டுல வேலை செஞ்ச மனுஷன். இங்கயாவது பளிச்சுனு இருக்கட்டும்."

சுரங்கக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் லைனில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் பெரிய பல்பு போடுவார்கள். கடையில் இருந்ததிலேயே அதிக வாட்டில் நாலு வெள்ளை விளக்கு வாங்கினேன். கட்டிலுக்கு மேலே சதுரமாக வரும்படி, டேப் பிடித்து நானே இடம் குறித்துக் கொடுத்தேன்.

நைனா வந்தார், சுற்றிப் பார்த்தார். "சூப்பரா கீது பாப்பா," என்றார்.

அதன்பின் அந்த அறையில் அவர் இருக்கவே இல்லை. நாளெல்லாம் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுக்கிற நேரத்துக்கு மட்டும் உள்ளே போவார், முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். ராத்திரி எழுந்தால் தடுக்கி விழக் கூடாதே என்று விளக்கை அணைக்க வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். வெளிச்சம் போதுமா என்று கேட்டால் "தாராளமா கீது" என்பார். சாப்பாடு, மெத்தை, ஃபேன், எதைக் கேட்டாலும் அதே பதில். பிறகு ஒரு நாள் காலையில் என் கணவரிடம், "மாப்ள, வெள்ளிக்கிழம மாரிக்குப்பம் ரயில் வண்டில ஊருக்குப் போலாம்னு கீறேன். வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்," என்றார்.

குளித்துவிட்டு வந்தாலே மூச்சிரைக்கிறவர் சுண்ணாம்பு அடிக்கப் போகிறாராம். எனக்கு வாதாடத் தெம்பில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி அவர் படுக்கப் போனதும் கரண்ட் போனது. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன்.

"மூஞ்சில அடிக்காத! கீழ எறக்கு!"

என் வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. டார்ச்சைத் தரைக்குத் திருப்பினேன்.

"கோச்சிக்காத பாப்பா," என்றார். "பழக்கம். சுரங்கத்துல எல்லார் தலைலயும் லைட்டு இருக்கும். நேரா மூஞ்சியப் பாத்துப் பேசினா எதிர்ல கீறவன் கண்ணு அவ்ளோதான். காலைப் பாத்துதான் பேசணும். எவனாவது மூஞ்சிக்கு அடிச்சான்னு வையி, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவோம்."

கட்டிலில் உட்கார்ந்தேன். துண்டு அவர் தோளில் கிடந்தது. இருட்டில் தாராளமாகப் பேசினார். கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். கரண்ட் வந்தது. நாலு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

அவர் தலையணையில் நான் தலை வைத்து மேலே பார்த்தேன். எந்தப் பக்கம் புரண்டாலும் ஏதோ ஒரு விளக்கு கண்ணுக்கு நேரே நின்றது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சோதித்திருந்தேன். படுத்துக்கிடக்கப் போகிறவர் அவர்.

"இத ஏன் நைனா சொல்லல?"

"நாலு சூப்பர்வைசரு மேல குந்திகினு என் மூஞ்சிக்கே அடிக்கிற மாதிரிதான் கீது. ஆனா மாப்ள ஆசையா போட்டாரு. பொண்ணு வூட்டுக்கு வந்து லைட்டு சரியில்லனு சொல்வாங்களா?"

"சொல்லாம வண்டி ஏறிப் போவாங்களா?"



மறுநாள் அரை நாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து அவரையே கடைக்கு அழைத்துப் போனேன். மாட்டிய விளக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார் கடைக்காரர். நானும் அதை எதிர்பார்க்கவில்லை. நைனா ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சிரைப்பு தணிந்ததும் ஒவ்வொன்றாக எரியவிடச் சொன்னார். முகத்தைத் தூக்கி நேராகவே பார்த்தார்.

"வேணாம், மொறைக்குது. இதுவும் மொறைக்குது."

கடைசியில் ஒரு மஞ்சள் விளக்கு. வெளிச்சம் வருகிற இடம் கிண்ணம் போன்ற குழிக்குள் உள்ளடங்கி இருந்தது. "இது பரவால்ல. தலைய குனிஞ்சிகினு கீது." கட்டிலுக்கு மேலே எதுவும் வேண்டாம், கால்மாட்டுச் சுவரோரம் இரண்டு போதும் என்றார்.

"மாத்திரப் பேரு எப்படிப் படிப்பீங்க?"

"நீ படிச்சிக் குடு. வேற என்னாத்துக்கு பொண்ணு?"

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு விளக்குக்குப் பணத்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுத்தார். கட்டிலுக்கு மேலே நாலு ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. மூட வேண்டிய ஃபால்ஸ் சீலிங்காரர் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். எனக்கு அது உறுத்துகிறது. பார்க்காமல் கூட்டிப் பெருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது நைனா தொண்டையைச் செருமினார். வண்டி நேரம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. அந்த பாத்ரூம் லைட்டும் கண்ணுல குத்துது."

என் கணவர் என்னைப் பார்த்தார். "இந்த ஞாயித்துக்கெழமையே மாத்திடலாம் மாமா."

"அவசரமில்ல," என்றார் நைனா, சோற்றைப் பிசைந்தபடி. "அடுத்த மாசம்கூட மாத்துங்க."