அலகு குத்திய கன்னம்

நேற்று பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரப் பையன் வாயைத் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டினான். கடைக்காரர் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து இரண்டு புகையிலைப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். தடை போட்டு எத்தனையோ வருஷமாகிறது, போங்கள்! அவன் உறையைக் கிழித்ததும் சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த நெடி மூக்கில் ஏற, நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு காலத்தில் அந்த நெடி இல்லாமல் எனக்கு முதல் சவாரியே ஓடாது.

நானும் அக்கா புருஷனும் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினோம். அவரைப் பாவா என்பேன். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்குதான். மதியச் சாப்பாட்டை விட்டாலும் விடுவார், இடது கன்னத்தில் அடக்கிய புகையிலையை விடமாட்டார். பசி தெரியாது என்பார். நிஜம்தான், தெரியாது.

அதே கன்னத்தில்தான் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொள்வார். அலகை உருவியதும் விபூதி வைத்து அழுத்துவார்கள். மூன்றே நாளில் தழும்புகூட இருக்காது. அக்காவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஒரு வருஷம் மாலை போட்டு விரதம் இருந்தபோது புகையிலையைத் தொடக்கூடாது, பாவாவால் தாங்க முடியவில்லை. "மச்சான், ஒரே ஒரு சிட்டிகை குட்றா. உங்க அக்காவுக்குத் தெரியவேணாம்." கொடுத்தேன். ஒரு நாளா? விரதம் முடியும்வரை தினமும் ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெரிய உபகாரி நான்!

அந்த முறை புண் ஆறவில்லை. உள்கன்னம் வெள்ளையாகத் தடித்துக்கொண்டே போனது. "சாமி குத்தம்டா. மாலையோட வாயில வச்சிகினு இருந்தேன் பாரு" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "இன்னான்னு சொல்லுவ? முருகன் குட்த்த புண்ணு. அவன்தான் ஆத்தணும்." சாமிக்குப் பயந்து இரண்டு நாள் புகையிலையை விட்டார். எரிச்சல் பொறுக்காமல், மரத்துப்போகட்டும் என்று புண்ணின் மேலேயே மறுபடி வைத்து அடக்கினார். அதையும் நான்தான் வாங்கி வந்தேன்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "டேய் தம்பி, இவுரு எதையோ மறைக்கிறாரு. உனுக்கு எதனா தெரியுமாடா?"

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றேன். பாவாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்.

அடுத்த ஆடியில், செய்த தப்புக்குப் பரிகாரமாக, அந்தப் புண்ணிலேயே அலகு குத்திக்கொண்டார். ரத்தம் நிற்கவில்லை. கோயில் படியிலேயே மயங்கி விழுந்தார். சென்னைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எவ்ளோ வருஷமா புகையிலை போடறாரு?" என்றுதான் முதலில் கேட்டார். புற்று என்றார். போன வருஷமே வந்திருந்தால் புண்ணை மட்டும் எடுத்திருக்கலாமாம். பாதித் தாடையை எடுத்தார்கள். மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினாள் அக்கா. அடுத்த கிருத்திகைக்குப் பாவா இல்லை.

காரியம் முடிந்தபின் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன், அதிலும் சுயநலம்தான். அவள் அழவில்லை. "நான் கேட்டப்போ உனுக்குத் தெரியும், ஆங்?" என்றாள். அவ்வளவுதான்.

ஆட்டோவை விற்றாயிற்று. புகையிலையையும் அன்றோடு விட்டேன். அக்கா அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். போனால் சோறு போடுகிறாள், ஒரு குறையும் வைப்பதில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி என்னை "டேய் தம்பி" என்று கூப்பிட்டவள், இப்போது வாசலில் பார்த்தால் "வாங்க" என்கிறாள்.