நாலாவது சர்வருக்கு ஒரு வேலை

சர்வர்கள் வந்து இறங்கிய அன்று, லொறியிலிருந்து மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே மொதலாளி பெட்டிகளை எண்ணிவிட்டார். மூன்று. நான் கேட்டதும் மூன்றுதான்.

"என்னப்பா இது, மூணு?"

"மூணு போதும்ங்க மொதலாளி. மூணையும் சேத்து ஒண்ணாக் கட்டிட்டா, ஒண்ணு படுத்தாலும் மத்த ரெண்டும் கடைய ஓட்டிரும்."

"போதுமா போதாதான்னா கேட்டேன்? மூணா எந்தச் சாமானும் நம்ம கடைக்குள்ள வராது. எலையில தோசையே மூணு வைக்க மாட்டோம். இன்னொன்னு சொல்லு."

பதுளையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கணினி அறையைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு அனுப்புகிற கடை. ஹாலிஎல, ஹல்துமுல்லை, மொனராகலை ஆகிய மூன்று ஊர்களிலும் கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளின் பில்லும் மாடியில் என் அறையில் இருந்த ஒரே ஒரு கிழட்டுச் சர்வர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நின்றுபோகத் தொடங்கியதும், கொழும்பில் ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் தாங்களே தங்கள் இடத்தில் வைத்து நடத்தித் தருவதாகச் சொன்னது. இங்கே ஆளே வேண்டியதில்லை என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமான வரி. இங்கேயே சரியாக அமைத்துக் காட்ட நான் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். மொதலாளி கொடுத்தார். முடியாவிட்டால் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை கொழும்புக்காரர்கள் வருவார்கள். என் அறைக்குச் செத்தல் மிளகாய் மூட்டைகள் வரும். நான் ஐம்பத்தோராவது வயதில் கீழே கவுண்டருக்கு இறங்கிப் பருப்பு நிறுப்பேன். இதில் எதையும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

நாலாவது சர்வர் பத்து நாள் கழித்து வந்தது. ஏற்கெனவே யாரோ பாவித்த சாமான். அதே நிறுவனம், அதே மாதிரி, அதே நிறம். ஒரே ஒரு வித்தியாசம்: மற்ற மூன்றின் பின்பக்கத்திலும் வலைக் கேபிள் செருக ஆறு துளைகள், இதில் நான்கு. வந்த நேரத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் நாட்குறிப்பில் எழுதி, கீழே இரண்டு முறை கோடிட்டேன். கூடுதல் துளை தருகிற கார்டு கொழும்பில் எங்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரமாகும் என்றார்கள். என்னிடம் இருந்தது எட்டு நாள்.

துளைகளின் கணக்கு இதுதான். ஒவ்வொரு சர்வருக்குள்ளும், இரும்பாலோ பிளாஸ்டிக்காலோ அல்லாமல் மென்பொருளாலேயே ஆன, வலைப் போக்குவரத்தைப் பிரித்தனுப்பும் சுவிட்சுகள் மூன்று வைக்க வேண்டும். கிளைகளின் பில்லுக்கு ஒன்று. அலுவலகத்துக்கும் கேமராவுக்கும் ஒன்று. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். மூவிரண்டு ஆறு. இந்த ஏற்பாட்டோடு சர்வர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராகப் பதிவதற்கு, அவற்றை மேய்க்கிற மென்பொருளின் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஒரே ஒரு சுவிட்சின் பெயரைத்தான் கேட்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏ.பி.ஐ. வழியாக வரவும் என்று கையேட்டில் ஒரு வரி, அதுவும் அடிக்குறிப்பில்.

ஏ.பி.ஐ. என்றால் என்ன என்று மொதலாளி கேட்டார்.

"மனு எழுதிக் குடுக்குற மாதிரிங்க. யார் யாரைச் சேக்கணும், எந்த சுவிட்சுக்கு எந்தத் துளைன்னு எல்லாத்தையும் வரிசையா எழுதி அனுப்பணும். ஒரு காற்புள்ளி தப்பினாலும் திருப்பி அனுப்பிரும்."

"அந்தப் பொத்தானை அமுக்கினா ஆகாதா?"

"அது ஒரு சுவிட்சுக்குத்தாங்க. நமக்கு மூணு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதுவும் மூணா?"

"உள்ள இருக்குறதுங்க. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாததை அவர் எண்ணுவதில்லை. விட்டுவிட்டார்.

திங்கள் காலை 8.50க்கு நான்கு சர்வர்களின் பெயரையும் எழுதி முதல் மனுவை அனுப்பினேன். 8.51க்குப் பதில் வந்தது: நான்காவது சர்வரில் மூன்றாவது சுவிட்சுக்கு இடமில்லை, ஆகவே எதையும் சேர்க்க இயலாது. ஒருவருக்குத் தகுதி இல்லை என்றால் குடும்பத்தையே வாசலில் நிறுத்துகிற முறை. நான்காவதின் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினால் உடனே நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது மூன்று.

இந்தச் சமயத்தில் மொதலாளி படியேறி வந்து, "எப்ப முடியும்?" என்றார். "ஒரு என்டர் தட்டுனா முடிஞ்சிரும்ங்க" என்று உளறினேன். அவர் கீழே போய்க் கலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"புதன் காலையில ஒம்பதேகாலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவுல நல்ல நேரம். நானே தட்டுறேன். அதுக்கு முன்னாடி நீ அதைத் தொடப்படாது. பால் பொங்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருவாட்டி பொங்க வச்சுப் பாப்பாங்களா?"

இப்படியாக, சோதித்துப் பார்க்கும் உரிமையும் போயிற்று.

செவ்வாய் முழுவதும் கையேடு படித்தேன். பிற்பகலில் கிடைத்தது. கிளஸ்டருக்குச் சாட்சி என்று ஒன்றை வைக்கலாம். சாட்சி வேலை செய்யாது. அதற்கு மூன்று சுவிட்சுகளும் தேவையில்லை, ஒரு கேபிள் போதும். வேலை செய்கிறவர்களில் ஒருவர் விழுந்து, மீதி இருவர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது மட்டும் அதன் வாக்குச் செல்லும். மூவரும் நலமாக இருந்தால் அதன் வாக்கை எண்ணவே மாட்டார்கள். நான்காவதைச் சாட்சியாக எழுதினேன். மனுவைத் தாளில் அச்சடித்து, காற்புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அறுபத்திரண்டு.

மொதலாளியிடம் சொல்லவில்லை. அவர் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் சொல்லாமலிருப்பது என்று முடிவு செய்தேன். இது பொய்யாகாது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். பிறகு அந்த வரியை அடித்திருக்கிறேன்.

புதன் காலை அவர் குளித்து, திருநீறு பூசி, லட்டுத் தட்டோடு வந்தார். கூடவே பில் போடுகிற அம்மாவும் வந்தார். ஹாலிஎலப் பக்கம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கடையில் மொதலாளிக்குப் பயப்படாத ஒரே ஆள். நான் ஒன்பது மணிக்கே பழைய சர்வரை நிறுத்தியிருந்தேன். எல்லாக் கிளைகளிலும் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 9.41க்கு மொதலாளி ஒற்றை விரலால் என்டரைத் தட்டினார்.

'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது.

"அவ்வளவுதானா?" என்று சொல்லிக்கொண்டே லட்டை எடுத்துக் கொடுத்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றால் மனு கைக்கு வந்தது என்று மட்டுமே பொருள், வேலை இனித்தான் என்று சொல்ல என் வாயில் இடமில்லை.

பிறகு ஒவ்வொரு கிளையிலிருந்தும் தொலைபேசி வந்தது. கிளைகளை நடத்துகிறவர்கள் மொதலாளியின் தம்பிகள். மூன்று பேரும் விடிந்ததும் கடை திறந்து, லொறி ஏற்றி, இரவு பூட்டுகிறவர்கள். மூத்தவரான மொதலாளி பதுளையில் நாற்காலியில் இருப்பார். "எப்ப பில் போடலாம்?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நல்ல நேரம் பத்தேகாலுக்கு முடிந்தது. வேலை 10.22க்கு முடிந்தது. ஏழு நிமிடத்தை யாரும் கவனிக்கவில்லை. திரையில் கிளஸ்டரின் பெயரும் அதன் கீழே சர்வர்களின் பெயரும் பச்சை நிறத்தில் வரிசையாக வந்தன. பில் அம்மா குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, மூணு பேருதான் நிக்கிறாங்க? நாலாவது ஆளு பெரட்டுக்கு வரலையா?"

தோட்டத்தில் காலையில் ஆளெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். மொதலாளி தட்டைக் கீழே வைத்தார்.

"மூணா?"

அவர் கேட்டுவிட்டார். சொன்னேன்.

"நாலாவதுல துளை பத்தலைங்க. அதைச் சாட்சியா வச்சிருக்கேன்."

"அவன் என்ன வேலை செய்வான்?"

"வேலை செய்ய மாட்டான்ங்க. பாத்துக்கிட்டிருப்பான். மத்த மூணுல ஒண்ணு விழுந்து, மிச்ச ரெண்டுக்கும் பேச்சு ஒத்துவரலைன்னா, இவன் எந்தப் பக்கம் நிக்கிறானோ அந்தப் பக்கம்தான் கடை."

"மூணும் நல்லா இருந்தா?"

"இவனை யாரும் கேக்க மாட்டாங்க."

பில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோள் குலுங்கியது. நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அந்தத் தோளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. கவுண்டரில் தராசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

மொதலாளி நான்காவது சர்வரின் முன்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. மற்ற மூன்றும் இரைந்துகொண்டிருந்தன.

"அப்ப இவந்தான் மூத்தவன்" என்றார்.

அந்த விளக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆளு சரியாத்தான் கண்டுபிடிச்சு வச்சிருக்க. கொழும்புக்காரனுங்களுக்கு இதெல்லாம் வெளங்குமா? நாளைக்கு வர வேணாம்னு போன் போட்டுச் சொல்லிரு." படி வரைக்கும் போனவர் திரும்பினார். "அது சரி, மூத்தவனை ஏன் எல்லாருக்கும் கீழ வச்சிருக்க? மேல தூக்கி வை."

அலமாரியில் அது அடித்தட்டில் இருந்தது. மேல்தட்டுக்கு மாற்ற வேண்டுமானால் அதை நிறுத்திக் கேபிளைப் பிடுங்க வேண்டும். கீழிருந்து இரண்டு பேரை அழைத்து, பிற்பகல் 2.10க்கு நிறுத்தினேன். மேலே ஏற்றிக் கட்டி மறுபடி கிளப்பியபோது 2.50. அந்த நாற்பது நிமிடத்தில் நான்கு இடங்களிலும் விழுந்த பில்களைச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தடைப்படவில்லை. 'சாட்சி நிறுத்தம், நாற்பது நிமிடம். பாதிப்பு: ஏதுமில்லை' என்று குறித்தேன்.

மூன்று மணிக்கு மொதலாளி கீழிருந்து கூப்பிட்டார்.

"மூத்தவனை ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சுங்க."

"அவன் இல்லாத நேரம் கடை தடுமாறியிருக்குமே?"

"இப்ப எல்லாம் சரியா இருக்குங்க மொதலாளி" என்றேன். அது உண்மைதான்.