அலையின் வேகத்தை அளந்த மத்தியானம்

தாம்பரத்தில் நான் பிளஸ் டூ படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரே ஆழமுள்ள தண்ணீரில், மோட்டாரை வேகமாக ஓட்டினாலும் அலை போகும் வேகம் பெரிதாக மாறாது என்று பிசிக்ஸ் சார் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

“எப்படி சார்? வேகமா அடிச்சா வேகமாத்தானே போகும்?”

“அளந்து காட்டும்மா, பாப்போம்,” என்றார் சார்.

மறுநாள் மத்தியானம் லேபில் அலைத்தொட்டியை எடுத்து வைத்தோம். அடியில் கண்ணாடி பதித்த ஆழமில்லாத தட்டு அது. மேலே ஸ்டாண்டில் விளக்கு, கீழே வெள்ளைத்தாள். மோட்டாரில் ஆடும் கட்டை தண்ணீரைத் தட்டத் தட்ட, அலைகளின் நிழல் தாளில் வரிவரியாக விழும். இரண்டு வரிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை, கட்டை விநாடிக்கு எத்தனை முறை தட்டுகிறது என்பதால் பெருக்கினால் வேகம் கிடைத்துவிடும்.

ஃபேன் காற்று தண்ணீரைக் கலைத்தது. நிறுத்தச் சொன்னாள். வகுப்பே முணுமுணுத்தது, அவள் காதில் வாங்கவில்லை. சாரின் போனில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்து, கட்டை எத்தனை முறை தட்டுகிறது என்று எண்ணினோம்.

மோட்டாரைக் கூட்டி இரண்டாம் முறை அளந்தபோது வேகம் நன்றாகவே ஏறியிருந்தது. பின்வரிசையில் விசில் பறந்தது. நானும் கை தட்டினேன். அவள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டியோட ஓர நிழல் முன்னாடி தாளுக்குள்ள இருந்துச்சுடி. இப்போ வெளியே போயிருக்கு பாரு.”

ஸ்டாண்டின் திருகு தளர்ந்து விளக்கு கீழே இறங்கியிருந்தது. அதனால்தான் நிழல் பெரிதாகி, வரிகளுக்கு நடுவிலுள்ள தூரமும் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

“விடுடி, சாரே கவனிக்கல,” என்று கிசுகிசுத்தேன்.

“எனக்குத் தெரிஞ்சிருச்சே!”

திருகை இறுக்கினாள். மறுபடி முதலிலிருந்து அளந்தோம். மோட்டாரைக் கூட்டியதும் வரிகள் நெருங்கின, வேகம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது.

“சார், நீங்க சொன்னதுதான் சரி,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை. சார் ஃபேன் சுவிட்சைப் போடப் போனார்.

“இருங்க சார். தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாக்கலாமா? ஆழம் மாறினா?”

பள்ளி விடும் மணி அடித்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் போய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்த முறை வேகம் உண்மையாகவே கூடியது. அதற்குள் அவள் வீட்டுக்குப் போகும் முடிச்சூர் பஸ் போய்விட்டிருந்தது, அவளோ வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.